இழுவிசையில் பார்க்க வேண்டிய பிணைப்பு

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். புற்றுநோய்க்கான செல் சிகிச்சை பற்றித் தங்கள் நாளிதழின் அறிவியல் பக்கத்தில் அண்மையில் வெளிவந்த கட்டுரையை ஆர்வத்துடன் படித்தேன். 2023 அக்டோபரில் இந்தியாவில் ஒப்புதல் பெற்ற நெக்ஸ்கார்19 சிகிச்சையையும், 2024 ஆகஸ்டில் அமெரிக்காவில் ஒப்புதல் பெற்ற டெசெல்ரா சிகிச்சையையும் பொது வாசகருக்கு அறிமுகப்படுத்திய விதம் பாராட்டுக்குரியது. ஆனால் நோய் எதிர்ப்பு செல்லின் ஏற்பி, அதாவது இலக்கை அடையாளம் காணும் அதன் மேற்பரப்புப் புரதம், தன் இலக்கோடு பூட்டும் சாவியும் போலப் பொருந்துகிறது என்றும், அந்தப் பொருத்தம் எவ்வளவு வலுவோ அவ்வளவுக்குச் சிகிச்சை பலனளிக்கும் என்றும் கட்டுரை சொல்லியிருந்ததை அப்படியே விட்டுவிட மனமில்லை. கல்லூரியில் உயிர் இயற்பியல் கற்பித்தவன் என்ற முறையில் அதற்கான காரணத்தை விளக்க விரும்புகிறேன். இழுவிசை இல்லாத ஓய்வு நிலையில் அளந்த பிணைப்பு வலுவைக் கொண்டு டி செல் என்ற நோய் எதிர்ப்பு வெள்ளையணுவின் நடத்தையைக் கணிக்க முயன்று, மருத்துவ உலகம் ஒருமுறை பெரும் விலை கொடுத்திருக்கிறது.

முதலில், அந்த இரண்டு சிகிச்சைகளும் ஒரே வகையைச் சேர்ந்தவை அல்ல. நெக்ஸ்கார்19 சிகிச்சையில் நோயாளியின் டி செல்களுக்குப் பொருத்தப்படும் செயற்கை ஏற்பியின் வெளிமுனை, ஆன்டிபாடியிலிருந்து எடுக்கப்பட்ட ஒரு துண்டு. அது பி செல் என்ற இன்னொரு வகை வெள்ளையணுவின் மேற்பரப்பிலுள்ள சிடி19 என்ற முழுப் புரதத்தை நேரடியாகப் பற்றிக்கொள்கிறது. சைனோவியல் சார்கோமா என்ற அரிய புற்றுநோய்க்கான டெசெல்ராவிலோ இயற்கையான டி செல் ஏற்பியே சிறு திருத்தங்களுடன் பயன்படுகிறது. முன்னதற்கு, பிடி இறுகினால் பலன் கூடும் என்ற ஆன்டிபாடியின் கணக்கு ஓரளவு பொருந்தும். பின்னதற்குப் பொருந்தாது. இக்கடிதம் பின்னதைப் பற்றியது.

டி செல் ஏற்பி முழுப் புரதத்தைப் பார்ப்பதில்லை. செல்லுக்குள் சிதைக்கப்பட்ட புரதங்களின் துணுக்குகள், அதாவது எட்டு முதல் பத்து அமினோ அமிலங்கள் கொண்ட பெப்டைடுகள், எம்.எச்.சி. என்ற புரதத்தின் பள்ளத்தில் அமர்ந்தபடி செல்லின் மேற்பரப்புக்கு வருகின்றன. ஏற்பி இந்த இரண்டையும் சேர்த்தே அடையாளம் காண்கிறது. 1974 வாக்கில் ஆஸ்திரேலியாவின் கான்பெராவில் பீட்டர் டோஹர்ட்டியும் ரோல்ஃப் சிங்கர்நாகலும் இதைக் கண்டறிந்தனர். 1996இல் அவர்களுக்கு நோபல் பரிசு வழங்கப்பட்டது. ஒரு செல்லின் மேற்பரப்பில் இத்தகைய எம்.எச்.சி. மூலக்கூறுகள் பல்லாயிரக்கணக்கில் இருக்கும். அவற்றில் மிகப் பெரும்பாலானவை நம் உடலின் சொந்தப் புரதத் துணுக்குகளையே தாங்கியிருக்கும். அந்தக் கூட்டத்தில் அந்நியத் துணுக்கு பத்துக்கும் குறைவாக இருந்தால்கூட டி செல் விழித்துக்கொள்ளும் என்பது சோதனையில் உறுதியான செய்தி.

இத்தனை கூர்மையாகக் கண்டுபிடிக்கும் ஏற்பியின் பிடி, அளந்து பார்த்தால் மிகவும் பலவீனமானது. பிடியின் வலுவைச் செறிவின் அலகில் சொல்வார்கள்; எண் சிறிதானால் பிடி இறுக்கம் என்று பொருள். நல்ல ஆன்டிபாடிகள் நானோமோலார் அளவில், சில அதைவிடவும் இறுக்கமாக, தம் இலக்கைப் பிடிக்கின்றன. இயற்கையான டி செல் ஏற்பிகளின் அளவோ ஏறத்தாழ 1 முதல் 100 மைக்ரோமோலார். ஆயிரம் மடங்கோ அதற்கும் மேலோ தளர்வான பிடி இது. அதிலும், டி செல்லை நன்கு தூண்டும் பெப்டைடுக்கும் தூண்டாத பெப்டைடுக்கும் இடையே சில சமயம் இந்த அளவில் சொல்லிக்கொள்ளும்படியான வேறுபாடே இருப்பதில்லை. ஒற்றை அமினோ அமில மாற்றத்தைக்கூடப் பிரித்தறியும் செல்லுக்கு இவ்வளவு மங்கலான கருவி எப்படிப் போதுமாகிறது என்ற கேள்வி நோய் எதிர்ப்பியலாளர்களை நெடுநாள் வருத்தியது.

அந்த எண்கள் எப்படிப் பெறப்பட்டன என்று பார்த்தால் சிக்கலின் ஒரு பகுதி விளங்கும். சர்ஃபேஸ் பிளாஸ்மான் ரெசனன்ஸ் என்ற முறையில், செல்லிலிருந்து பிரித்தெடுத்துத் தூய்மைப்படுத்திய ஒரு புரதத்தைப் பொன் பூசிய சில்லின் மேல் பதித்து, மற்றொன்றைக் கரைசலாக அதன் மேல் ஓடவிடுகிறார்கள். எவ்வளவு ஒட்டுகிறது, எவ்வளவு நேரத்தில் விலகுகிறது என்று கணக்கிடுகிறார்கள். மருந்து ஆய்வகங்களுக்கு இன்றியமையாத முறைதான், குறை சொல்வதற்கில்லை. ஆனால் அங்கே செல்லும் கிடையாது, சவ்வும் கிடையாது, எந்த மூலக்கூறையும் எதுவும் இழுப்பதும் கிடையாது. உடலில் நடப்பதோ வேறு. டி செல் நிணநீர்க் கணுவுக்குள் ஊர்ந்துகொண்டே இருக்கிறது. அதன் சவ்வுக்கு அடியில் ஆக்டின் என்ற புரத இழைகள் பின்னோக்கி நகர்ந்தபடி இருக்கின்றன. மேலும், ஏற்பியும் எம்.எச்.சி.யும் கைகோத்தால் இரு சவ்வுகளுக்கும் இடையே சுமார் 15 நானோமீட்டர் இடைவெளிதான் இருக்கும். அதே சவ்வுகளிலுள்ள ஒட்டுப் புரதங்களும் மற்றப் பெரிய புரதங்களும் அதைவிட மிக நீளமானவை. சவ்வு வளைந்து கொடுத்தால்தான் குட்டையான இந்த ஜோடி சந்திக்கவே முடியும். ஆகவே பிணைப்பு உருவான கணத்திலிருந்தே அதன் மேல் இழுவிசை இருக்க வாய்ப்புண்டு.

அந்த விசையின் அளவு பைக்கோநியூட்டன் கணக்கில் வரும். ஒரு நியூட்டனை ஒரு லட்சம் கோடியாகப் பங்கிட்டால் ஒரு பங்கு ஒரு பைக்கோநியூட்டன். ஒரே ஒரு ரத்தச் சிவப்பணுவின் எடை ஏறத்தாழ அவ்வளவுதான். இத்தனை சிறு விசை பிணைப்பை என்ன செய்துவிடும் என்று தோன்றலாம். 1978இல் லாஸ் அலமோஸ் ஆய்வகத்தைச் சேர்ந்த ஜார்ஜ் பெல் எழுதிய கட்டுரை இதற்கு ஒரு சூத்திரம் தந்தது: விசை கூடக்கூடப் பிணைப்பு அறுபடும் வேகம் அடுக்கேற்ற முறையில் உயரும். இது நழுவு பிணைப்பு. 1988இல் மைக்கா டெம்போவும் அவருடன் பணியாற்றியவர்களும் இதற்கு நேர்மாறான ஒரு வகையும் கணித அளவில் சாத்தியமே என்று காட்டினார்கள். சுருக்கு முடிச்சு இழுக்க இழுக்க இறுகுவது போல, ஓர் எல்லை வரை விசை கூடும்போது ஆயுளும் கூடும் பிணைப்பு அது. ஆய்வாளர்கள் கேட்ச் பாண்ட் என்பார்கள், இங்கே இறுகு பிணைப்பு என்றே எழுதுகிறேன். பல ஆண்டுகள் அது காகிதத்தில்தான் இருந்தது. 2003இல் அட்லாண்டாவின் ஜார்ஜியா டெக் நிறுவனத்தில் செங் ஜூவின் குழு, வெள்ளையணுக்கள் ரத்தக் குழாய்ச் சுவரில் உருண்டு ஒட்டுவதற்கு உதவும் பி-செலக்டின் புரதத்தில் அதை நேரடியாக அளந்து காட்டியது. டி செல் ஏற்பியும் அப்படித்தானா என்ற கேள்வி அதன் பின்னர் வலுப்பெற்றது.

இதை அளக்கும் கருவியைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல அனுமதி வேண்டுகிறேன், ஏனெனில் முடிவுகளின் மீது எவ்வளவு நம்பிக்கை வைக்கலாம் என்பது கருவியைப் பொறுத்தது. ஈவன் எவன்ஸ் குழுவினர் 1995இல் அறிமுகப்படுத்திய இந்த முறையில் விசைமானியின் சுருள்வில்லாக வேலை செய்வது ஒரு ரத்தச் சிவப்பணு. நுனி சில மைக்ரான் அளவே உள்ள கண்ணாடி நுண்குழாயின் வாயில் மெல்லிய உறிஞ்சலால் அந்தச் சிவப்பணுவைப் பிடித்து நிறுத்துகிறார்கள். உறிஞ்சும் அழுத்தத்தைக் கூட்டினால் சிவப்பணு விறைக்கும், குறைத்தால் தளரும். ஆக வில்லின் விறைப்பைத் தண்ணீர்த் தம்பத்தின் உயரத்தை ஏற்றி இறக்கியே வேண்டியபடி வைத்துக்கொள்ளலாம். வழக்கமாக ஒரு நானோமீட்டர் நீட்சிக்கு 0.3 பைக்கோநியூட்டன் என்ற அளவில் வைப்பார்கள். சிவப்பணுவின் உச்சியில் இரண்டு மூன்று மைக்ரான் விட்டமுள்ள கண்ணாடி மணி ஒன்று ஒட்டியிருக்கும். அந்த மணியின் மேல் பெப்டைடைத் தாங்கிய எம்.எச்.சி. மூலக்கூறுகளை மிக அரிதாகத் தூவியிருப்பார்கள். எதிரே இன்னொரு நுண்குழாயின் வாயில் உயிருள்ள டி செல் காத்திருக்கும்.

கணினி டி செல்லை முன்னே நகர்த்தி, மணியை மெல்லத் தொட வைத்து, பின்னே இழுக்கிறது. பெரும்பாலான முறை எதுவும் ஒட்டாது; மணி இருந்த இடத்திலேயே இருக்கும். சில முறை மணி டி செல்லோடு சேர்ந்து நகரும், சிவப்பணு நீளும். நொடிக்கு ஆயிரம் படங்களுக்கு மேல் எடுக்கும் கேமரா மணியின் விளிம்பைச் சில நானோமீட்டர் நுட்பத்தில் பின்தொடர்கிறது. 10 பைக்கோநியூட்டன் விசைக்கு மணி நகரும் தூரம் சுமார் 33 நானோமீட்டர்தான் என்பதால், அடுத்த அறையில் கதவை அறைந்து சாத்தினால்கூட அளவு கெடும். அதிர்வு தாங்கும் மேசையின்றி இந்த வேலை நடக்காது. குறித்த விசை வந்ததும் இழுப்பதை நிறுத்தி அப்படியே பிடித்து வைக்கிறார்கள். பிணைப்பு அறுந்ததும் மணி சட்டென்று பழைய இடத்துக்குத் துள்ளும். பிடித்து வைத்த கணத்திலிருந்து துள்ளிய கணம் வரையிலான நேரமே அந்தப் பிணைப்பின் ஆயுள்.

ஒட்டியது ஒரே ஒரு மூலக்கூறுதானா என்று சந்தேகிப்பது நியாயம். அதற்காகத்தான் எம்.எச்.சி.யை அரிதாகத் தூவுகிறார்கள்: ஐந்து முறை தொட்டால் ஒரு முறைக்கு மேல் ஒட்டாதபடி வைத்துக்கொண்டால், ஒட்டியவற்றில் பத்துக்கு ஒன்பது ஒற்றைப் பிணைப்புகளே என்று நிகழ்தகவுக் கணக்கு சொல்கிறது. பெப்டைடு மாற்றப்பட்ட மணியையும் வெறும் மணியையும் கொண்டு இதே சோதனையைத் திரும்பச் செய்து, போலி ஒட்டுதலின் அளவைத் தனியே கணக்கிடுகிறார்கள். ஒரு பிணைப்பின் ஆயுள் தற்செயலைப் பொறுத்தது. ஒவ்வொரு விசை அளவிலும் ஏராளமான பிணைப்புகளைச் சேர்த்தால்தான் ஒரு சராசரி கிடைக்கும். வரைபடத்தில் நாம் பார்க்கும் ஒரு புள்ளிக்குப் பின்னால் பொறுமையான நீண்ட உழைப்பு இருக்கிறது.

இம்முறையில் 2014இல் ஜூவும் பிரையன் எவாவோல்டும் வெளியிட்ட முடிவு பெரிதும் பேசப்பட்டது. முட்டைப் புரதத் துணுக்கை அடையாளம் காணும் எலி டி செல்களில், நன்கு தூண்டும் பெப்டைடின் பிணைப்பு ஆயுள் விசையோடு கூடி, சுமார் 10 பைக்கோநியூட்டனில் உச்சம் தொட்டு, பிறகு குறைந்தது. அதில் சில அமினோ அமிலங்கள் மாறிய, தூண்டாத பெப்டைடுகளின் பிணைப்போ இழுத்த மாத்திரத்தில் தளர்ந்தது. விசையே இல்லாத நிலையில் ஒன்றுக்கொன்று நெருங்கிக் கிடந்த பெப்டைடுகள் 10 பைக்கோநியூட்டனில் தெளிவாகப் பிரிந்து நின்றன. அதே நேரத்தில், டி செல் தூண்டப்பட்டதற்கு அடையாளமாகச் செல்லுக்குள் கால்சியம் ஏறுகிறதா என்பதையும் ஒளிரும் சாயம் கொண்டு பார்த்தார்கள். முதல் ஒரு நிமிடத்தில் சேர்ந்த பிணைப்பு ஆயுளின் கூட்டுத்தொகை போதுமான அளவு இருந்தபோதுதான் கால்சியம் ஏறியது. பாஸ்டனில் எல்லிஸ் ரைன்ஹெர்ஸும் நாஷ்வில்லில் மேத்யூ லாங்கும் ஒளிக் கிடுக்கி என்ற வேறொரு முறையில், அதாவது ஆர்தர் ஆஷ்கினுக்கு 2018இல் நோபல் பரிசு பெற்றுத் தந்த லேசர் பொறியில், இதை ஒத்த நடத்தையைக் கண்டனர். ஏற்பியின் பீட்டா சங்கிலியிலுள்ள எஃப்.ஜி. வளையம் என்ற பகுதியை நீக்கினால் இந்தப் பண்பு மங்குகிறது என்பதும் அவர்களின் ஆய்வில் தெரியவந்தது. உறுப்பு எது என்றே சுட்டிக்காட்ட முடிந்ததால் எனக்கு இது முக்கியமான சான்றாகப் படுகிறது.

ஆனால் டி செல் தானாகவே இவ்வளவு விசையைத் தருகிறதா? மேலே சொன்ன கருவிகளில் இழுப்பவர் ஆய்வாளர், செல் அல்ல. அட்லாண்டாவின் எமரி பல்கலைக்கழகத்தில் காலித் சலைட்டாவின் குழு கொண்டையூசி வடிவில் மடிந்த டி.என்.ஏ. இழைகளை எம்.எச்.சி.யின் கீழே பொருத்தியது. குறித்த விசை வந்தால்தான் மடிப்பு விரியும், விரிந்தால் ஒளிரும். 2016இல் அவர்கள் வெளியிட்ட ஆய்வின்படி டி செல்கள் தம் ஏற்பி வழியே 12 முதல் 19 பைக்கோநியூட்டன் வரை இழுக்கின்றன. வியன்னாவில் வேறொரு குழு 2021இல் சிலந்தி இழைப் புரதத்தின் அடிப்படையில் அமைந்த உணரியைக் கொண்டு அளந்தபோது, இறுகிய சவ்வின் மேல் சுமார் 5 பைக்கோநியூட்டன்தான் கிடைத்தது. திரவமான சவ்வின் மேல் அதிலும் மூன்றில் ஒரு பங்கு. எம்.எச்.சி. நகர்ந்து கொடுக்கும் பரப்பில் இருந்தால் அதை எவ்வளவு இழுக்க முடியும் என்பது இயல்பான கேள்விதான்.

இதைவிடக் கடுமையான மறுப்பும் உண்டு. மார்செய், ஆக்ஸ்போர்டு ஆய்வாளர்கள் 2019இல் செல் எதுவும் இல்லாமல், பிரித்தெடுத்த ஏற்பியையும் எம்.எச்.சி.யையும் மட்டும் நீரோட்ட அறையில் வைத்துச் சோதித்தபோது இறுகு பிணைப்பே தென்படவில்லை. ஆக்ஸ்போர்டு குழுவினர் 2023இல் இன்னும் ஒரு படி மேலே போய், விசை பெப்டைடுகளுக்கு இடையிலான வேறுபாட்டைக் கூர்மையாக்குவதற்குப் பதிலாகக் குறைத்துவிடுகிறது என்று எழுதினார்கள். செல்லின் மேல் அளந்தால் இறுகுகிறது, செல்லை நீக்கினால் இறுகவில்லை என்றால், இறுகும் பண்பு ஏற்பியிடம் இருக்கிறதா, சிடி8 போன்ற துணை மூலக்கூறுகளிடமும் சவ்விடமும் இருக்கிறதா, அல்லது அளக்கும் முறையே அதைத் தோற்றுவிக்கிறதா என்பது முடிந்த வழக்கல்ல. செல்லின் மேல் செய்த அளவீடுகளே உடலின் நிலைக்கு நெருக்கமானவை என்பது என் கருத்து. எனினும் எதிர்த்தரப்பின் கேள்விக்கு இன்னும் முழு விடை வரவில்லை என்பதை மறைப்பது நேர்மையாகாது.

இந்த விவாதம் ஆய்வகத்தோடு நின்றுவிடும் விஷயமன்று. புற்றுநோய் செல்களில் காணப்படும் மேஜ்-ஏ3 புரதத்தின் துணுக்கைக் குறிவைத்து, ஏற்பியின் பிடியைச் செயற்கையாக வலுப்படுத்திய டி செல்களைப் பெற்ற முதல் இரு நோயாளிகளும் சில நாட்களுக்குள் இதயம் செயலிழந்து இறந்தனர். விவரம் 2013இல் வெளியானது. இதயத் தசையிலுள்ள டைட்டின் என்ற மாபெரும் புரதத்தின் துணுக்கு ஒன்றை அந்த ஏற்பி இலக்காக எடுத்துக்கொண்டுவிட்டது. இரண்டு துணுக்குகளிலும் ஒன்பது அமினோ அமிலங்கள்; அவற்றில் ஐந்து மட்டுமே ஒன்று. இதய செல்களை வைத்து முன்கூட்டியே சோதனை நடத்தியிருந்தார்கள், ஆனால் சாதாரண வளர்ப்பு செல்களில் ஆபத்து தெரியவில்லை. பின்னர் தண்டு செல்களிலிருந்து உருவாக்கிய, துடிக்கும் இதய செல்களை வைத்துச் சோதித்தபோதுதான் டி செல்கள் அவற்றைக் கொன்றது கண்கூடானது. பொருத்தம் வலுத்தால் சிகிச்சை வலுக்கும் என்ற வாக்கியத்தை இந்தச் செய்திக்குப் பக்கத்தில் வைத்துப் படித்தால் என் ஆட்சேபம் ஏன் என்று புரியும்.

ஸ்டான்ஃபோர்டில் கிறிஸ்டோபர் கார்சியாவின் குழு 2018இல், எச்.ஐ.வி. துணுக்கு ஒன்றை அறியும் ஏற்பியைக் கொண்டு, ஏறத்தாழ ஒரே வலுவில் பிணையும் பெப்டைடுகளில் சில டி செல்லைத் தூண்டுவதையும் சில தூண்டாததையும் காட்டியது. தூண்டியவற்றில் இறுகு பிணைப்பு இருந்தது, தூண்டாதவற்றில் இல்லை. 2022இல் அதே குழு இன்னொரு அடி எடுத்து வைத்தது. ஓய்வு நிலைப் பிடியை இயற்கை அளவிலேயே வைத்துக்கொண்டு, இழுக்கும்போது மட்டும் இறுகும்படி ஏற்பியின் சில அமினோ அமிலங்களை மாற்றினார்கள். மேஜ்-ஏ3 துணுக்குக்காக அப்படி வடிவமைத்த ஏற்பிகளில் புற்றுநோய் செல்களை நன்கு கொன்று, டைட்டினைச் சீண்டாமல் விட்டவையும் கிடைத்தன. இது சோதனைக் குழாய் அளவிலான வெற்றி, மருந்தகத்துக்கு வந்த மருந்து அல்ல. ஆயினும் வலுவைக் கூட்டுவது ஒன்றே வழி என்ற எண்ணத்துக்கு மாற்று இருக்கிறது என்பதற்கு இதைவிட நல்ல எடுத்துக்காட்டு எனக்குத் தெரியவில்லை.

தங்கள் நாளிதழ் இந்தத் துறையைத் தொடர்ந்து எழுத வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். எழுதும்போது ஆன்டிபாடித் துண்டு பொருத்திய செல்களையும் திருத்திய டி செல் ஏற்பிகளையும் தனித்தனியே கையாள வேண்டும். ஒரு சிகிச்சையின் ஏற்பி இத்தனை மடங்கு வலுவானது என்று நிறுவனங்கள் தரும் செய்திக்குறிப்பு வந்தால், அந்த எண் எந்த முறையில், செல்லின் மேலா செல்லின்றியா அளக்கப்பட்டது என்று செய்தியாளர் ஒரு கேள்வி கேட்டால் போதும், வாசகர் பெறும் செய்தியின் தரம் உயரும். விசையில் அளப்பதை ஒப்புதலுக்கான நிபந்தனையாக்கலாமே என்று சிலர் கேட்கக்கூடும். சிவப்பணுவை வில்லாகக் கொண்ட இந்த முறையில் ஒரு நேரத்தில் ஒரு ஜோடி செல்களைத்தான் பார்க்க முடியும்; ஒரு பெப்டைடுக்கு முழு வரைபடம் தயாராவதற்கே வெகு நேரம் பிடிக்கிறது. உடலின் சொந்தத் துணுக்குகளோ ஆயிரக்கணக்கில் இருக்கின்றன. அவை அனைத்தையும் இழுத்துப் பார்க்கும் வேகம் கொண்ட கருவி வரும் வரை, துடிக்கும் இதய செல்களைப் போன்ற நேரடிச் சோதனைகளோடு சேர்த்து, சந்தேகத்துக்குரிய சில துணுக்குகளை மட்டுமாவது விசையில் அளந்து பார்ப்பதே இன்றைய நிலையில் செய்யக்கூடியது.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் வாசகர்,
உயிர் இயற்பியல் ஆசிரியர் (ஓய்வு),
திருச்சிராப்பள்ளி.